செங்கமலத்துக்கு எட்டு ரொட்டி

1868 ஜனவரி 18, சனி. சூலா துறை, அபிசீனியக் கரை

ஒரு வழியாகக் கரை சேர்ந்தோம். புறப்படும்போது மைத்துனர் கொடுத்த இந்தக் குறிப்புப் புத்தகத்தை இன்றுதான் பிரிக்கிறேன். கப்பலில் பிரித்திருந்தால் வாந்தியைத் தவிர எழுத ஒன்றும் இருந்திருக்காது.

என் பெயர் அருளப்பன். ஊர் வேலூர். வயது முப்பத்தொன்று. பட்டாளத்துக்குச் சாமானும் சுமை மிருகமும் சேர்க்கும் கமிசரியட்டில் கால்நடை டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, குளம்பு பார்ப்பது என் வேலை. பத்து வருஷமாகக் குதிரைகளோடு பழகியவன். அபிசீனியா ராஜா சில வெள்ளைக்காரர்களைப் பிடித்து மலைக்கோட்டை ஒன்றில் அடைத்து வைத்திருக்கிறாராம். அவர்களை மீட்கப் பட்டாளம் போகிறது. கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி வேண்டும், பீரங்கியைச் சுமக்க யானை வேண்டும், யானைக்கு வைத்தியம் பார்க்க ஆள் வேண்டும். குதிரைக்கும் நாலு கால், யானைக்கும் நாலு கால் என்று துரைமார் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

இன்று யானைகளை இறக்கினார்கள். வயிற்றில் தடித்த பாய்த்துணிப் பட்டை கட்டிக் கப்பலிலிருந்து தூக்கி, கடலுக்கு மேலே தொங்கவிட்டுக் கீழே படகில் இறக்குகிறார்கள். ஒவ்வொன்றும் பிளிறிய பிளிறலில் என் காது இன்னும் அடைத்திருக்கிறது. செங்கமலம் என்ற பெண் யானை மட்டும் சத்தம் போடவில்லை. நான்கு காலும் காற்றில் தொங்க, படகில் நின்ற தன் மாவுத்தரையே பார்த்துக்கொண்டு இறங்கியது.

மாவுத்தர் பெயர் மீராசா ராவுத்தர். பழனிப் பக்கம். ஐம்பது வயதிருக்கும்.

"ராவுத்தர்னா குதிரைக்காரப் பரம்பரையாச்சே, யானை மேல ஏறிட்டீங்களே?" என்று கேட்டேன்.

"குதிரை விழுந்தா நானும் விழுவனுங்க. இது விழாதுங்க," என்றார்.

எங்கள் பிரிவில் ஆறு யானைகள். அதில் வடிவு என்ற பெண் யானையின் மாவுத்தர் கப்பலிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அதையும் ராவுத்தரே பார்த்துக்கொள்கிறார். கப்பலின் அடித்தட்டில் செங்கமலமும் வடிவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வந்தவை. இப்போது ஒன்றை விட்டு ஒன்று நகர மாட்டேன் என்கின்றன.

மாலையில் எங்கள் காப்டன் துரை கூப்பிட்டு ஒரு பதிவேட்டைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு யானைக்கும் தினம் எட்டுக் கோதுமை ரொட்டி. ஒவ்வொன்றும் முறத்தளவு. மாவுத்தர்கள் அத்தனை பேரும் மாவுத் திருடர்களாம். அதனால் ரொட்டி யானையின் வாய்க்குள் போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்து, 'என் கண்முன் தின்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குத்தான் வைத்தியம் படித்தேன் போலிருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

ராவுத்தருக்கு இன்று நோன்புப் பெருநாள். கப்பலில் ஏறியதிலிருந்து பகலில் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்தவர். அந்த வயிற்றோடுதான் தினமும் அடுப்புச் சூட்டில் பதினாறு ரொட்டி சுட்டுப் போட்டிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் வெல்லச் சோறு கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு முன்னாலேயே யானைகள் இரண்டுக்கும் ஆளுக்கொரு உருண்டை போயிருந்தது.

எட்டு ரொட்டி. செங்கமலம் என் கண்முன் தின்றது. பக்கத்தில் நின்று பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு ரொட்டியையும் வாங்கி, தும்பிக்கையால் ஒரு தட்டுத் தட்டி, ஒட்டியிருக்கும் சாம்பலை உதறிவிட்டுத்தான் வாயில் வைக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள். மலை ஏற்றம்

இன்றுதான் முதல் தடவை பீரங்கியை ஏற்றினார்கள். பதினைந்து பேர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கும் இரும்புக் குழாய். செங்கமலம் மண்டியிட்டது. முதுகில் மெத்தை, அதன் மேல் மரச்சட்டம், அதன் மேல் குழாய். கயிறு இறுக்கும்வரை கண்ணிமை கூட அசையவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் ஒரு பெருமூச்சு.

பிறகு அது நடந்ததைப் பார்த்தேன். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம், நடுவே இரண்டு முழ அகலத்தில் பாதை. கோவேறு கழுதைகள் காலையிலிருந்து மூன்று உருண்டுவிட்டன. செங்கமலம் முன்காலைத் தூக்கி, கல்லின் மேல் மெல்ல வைத்து, அழுத்திப் பார்த்து, ஆடினால் எடுத்துவிட்டு வேறு கல் தேடியது. முன்கால் வைத்த அதே இடத்தில் பின்கால். நான் பாறையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். ராவுத்தரோ அதன் கழுத்தில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நாட்டு ஜனங்கள் யானையைக் காட்டில் பார்த்திருக்கிறார்கள், பழக்கிப் பார்த்ததில்லை. செங்கமலம் மண்டியிட்டதைக் கண்டு ஒரு மலைக்கிராமமே பாறைகளுக்குப் பின்னால் ஓடியது. பிறகு ஒவ்வொருவராக வந்து, மண்டியிடச் சொன்ன மனிதரின் காலைத் தொட்டுப் பார்த்தார்கள். ராவுத்தருக்கு வெட்கம் தாங்கவில்லை.

குதிரை நல்ல பிராணிதான். ஆனால் இதை எந்தக் குதிரையும் செய்யாது. எழுதியாயிற்று, போதும்.

பிப்ரவரி 20, வியாழன்

குளிர். மேட்டுநிலத்தில் விடிகாலையில் வாளித் தண்ணீர் கெட்டியாகிவிடுகிறது. வேலூர்க்காரன் உடம்பு இதற்கெல்லாம் செய்ததல்ல. என் கூடாரத்துக்குள்ளிருந்தே யானை கட்டும் இடம் தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது.

ஆறு யானைக்கும் எட்டு எட்டு ரொட்டி. பார்த்தேன்.

பிப்ரவரி 26, சாம்பல் புதன்

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர்வரை இறைச்சி இல்லை. இங்கே இறைச்சியைத் தவிர வேறொன்றும் வாய்க்கு வைக்கும்படி கிடைப்பதில்லை என்பது ஆண்டவருக்கும் தெரியும்.

வடிவு இரண்டு நாளாக இடது முன்காலை ஊன்றவில்லை. பாதத்தில் கூர்ங்கல் ஏறி உள்ளே சீழ் வைத்திருக்கிறது. கீறித்தான் எடுக்க வேண்டும். குதிரையாக இருந்தால் ஆறு பேர் கட்டிப் பிடிப்பார்கள். இதை யார் பிடிப்பது?

ராவுத்தர் வடிவைப் படுக்க வைத்தார். செங்கமலத்தை அவிழ்த்து அதன் தலைமாட்டில் நிறுத்தினார். நான் கத்தியை வைத்ததும் வடிவின் உடம்பு முழுவதும் நடுங்கியது. செங்கமலம் தன் தும்பிக்கையை எடுத்து வடிவின் வாய்க்குள் வைத்தது. கடிக்க வேண்டுமென்றால் என்னைக் கடி என்பதைப் போல. வடிவு கடிக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் ஒழுக அப்படியே கிடந்தது. ஒரு சொம்பு சீழ் வந்தது. தாரும் தேன்மெழுகும் வைத்துக் கட்டி, மாட்டுத்தோலில் ஒரு பை தைத்துக் காலில் மாட்டினேன். என் கை வேலையில் இதுதான் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

காப்டன் துரை வந்து பார்த்தார். மாவு கடலோரத்திலிருந்து மலையேறி வர வேண்டும், சுமக்காத மிருகத்துக்கு மாவு கிடையாது என்றார். வடிவுக்கு இனிமேல் புல் மட்டும். மார்ச் மாதக் கடைசி நாள் அது சுமை தூக்க வேண்டும். தூக்காவிட்டால் சுட்டுவிடுவார்கள்.

ராவுத்தர் எட்டு ரொட்டி மட்டும் சுட்டார். அடுப்பில் மீதி இருந்த நெருப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 3, செவ்வாய்

இரண்டாவது கம்பளி கிடைத்தது. மாலையில் மூடுபனி, கூடாரத்தின் முளைக்குச்சி கூடத் தெரியவில்லை.

செங்கமலத்துக்கு எட்டு. என் கண்முன் தின்றது.

மார்ச் 9, திங்கள்

எட்டு ரொட்டி. கண்முன் தின்றது. வடிவின் புண் அழகாக ஆறி வருகிறது. வெறும் புல்லைத் தின்றுகொண்டு இவ்வளவு தேறுகிறதென்றால் என் மருந்தைத்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 14, சனி

மாதம் ஒரு முறை யானைகளின் மார்பைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு வைப்பேன். இன்று அளந்தபோது செங்கமலத்தின் முடிச்சு ஒரு சாண் உள்ளே போய்விட்டது. நெற்றிப் பொட்டில் பள்ளம். மற்றவை ஒன்றும் இளைக்கவில்லை. வடிவு கூட அப்படியேதான் இருக்கிறது.

பீரங்கியைச் சுமப்பது செங்கமலம். அது படுத்துவிட்டால் பீரங்கி நின்றுவிடும், பட்டாளம் நின்றுவிடும், முதலில் என் தலைதான் உருளும். பதிவேட்டில் தினமும் எட்டு ரொட்டி தின்றதாக என் கையெழுத்து இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

காலையில் ராவுத்தரின் கூடாரத்துப் பக்கம் போனேன். செங்கமலம் நின்ற இடத்திலிருந்து வடிவு நின்ற இடம்வரை ஈர ரொட்டித் துணுக்குகள் சிந்திக் கிடந்தன. ராவுத்தர் அவற்றைக் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்ன ராவுத்தரே இது?"

"ஒண்ணுமில்லீங்க."

ஒன்றுமில்லை என்று சொல்பவனிடம்தான் எல்லாம் இருக்கும். நேரே காப்டன் துரையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். தினமும் நீ பக்கத்தில் நின்று பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் சிரித்தார். இந்தத் தந்திரம் எனக்குத் தெரியும், பழைய மாவுத்தர்கள் ரொட்டியைக் கடைவாயில் ஒதுக்கி வைத்துக்கொள்ள யானையைப் பழக்கிவிடுவார்கள், பார்க்க வந்தவன் போனதும் யானை அதை எடுத்து மாவுத்தன் கையில் கொடுத்துவிடும் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் நின்றவனையே ஏமாற்றும் தந்திரம் என்றால் என் பேரில் குற்றம் இல்லை அல்லவா?

ராவுத்தரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. காவலில் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை தங்கல் நாள். அன்று எல்லா மாவுத்தர்களுக்கும் எதிரில் இருபத்துநான்கு கசையடி.

மார்ச் 17, செவ்வாய்

ராவுத்தர் காவலில் இருப்பதால் செங்கமலத்துக்கு ரொட்டி போடும் வேலை என் தலையில் விழுந்தது. பிசைந்த மாவு கையை விட்டு வர மாட்டேன் என்றது. ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. செங்கமலம் முதல் ரொட்டியை வாங்கித் தட்டிப் பார்த்தது. திருப்பித் தட்டிப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. என் மனைவியின் தாயார் கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

எட்டும் வாய்க்குள் போயின. மூன்றைத்தான் மென்றது. கன்னம் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. அசையாமல் நின்று, நான் எப்போது போவேன் என்று காத்திருந்தது. போவதைப் போலப் போய்ப் பாறைக்குப் பின்னால் நின்றேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஆனால் வெளிச்சம் இருந்தது. தெளிவாகப் பார்த்தேன். இந்த முறை நிஜமாகவே பார்த்தேன்.

செங்கமலம் சங்கிலி எட்டும் தூரம்வரை நடந்து வடிவின் பக்கம் போனது. தும்பிக்கையைத் தன் வாய்க்குள் விட்டு ஒரு ரொட்டியை எடுத்தது. நனைந்து கூழாக இருந்தது. அதை வடிவின் வாயில் வைத்தது. பிறகு இன்னொன்று. ஐந்தும் அப்படியே. கடைசியில் வடிவின் உதட்டில் ஒட்டியிருந்ததைக் கூடத் துடைத்து உள்ளே தள்ளியது.

பகலெல்லாம் பீரங்கியைச் சுமந்து வந்த பிராணி! வயிற்றில் மூன்று ரொட்டியோடு! நான் பாறையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். தவக்காலத்தில் இறைச்சியை விட்டதற்கு நான் செய்துகொண்ட முணுமுணுப்பெல்லாம் நினைவுக்கு வந்து என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மார்ச் 18, புதன்

காவல் கூடாரத்துக்குப் போனேன்.

"ரொட்டி எங்க போகுதுன்னு பாத்துட்டேன் ராவுத்தரே."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "யாருகிட்டச் சொன்னீங்க?"

"இன்னும் யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லாதீங்க டிரஸ்ஸரய்யா. உங்களைக் கும்புட்டுக் கேக்கறனுங்க."

"அதுக்குப் பழக்கினது நீங்கதானே?"

"ஆமாங்க, நாந்தான். ரெண்டு வருசத்துக்கு முந்தின பஞ்சத்துல. வீட்டுல மூணு புள்ளைங்க. காஞ்ச இலையை அவிச்சுத் தின்னுக்கிட்டுக் கெடந்துச்சுங்க. ஒரு நாள் இவளுக்கு ரொட்டி குடுக்கறப்பக் கன்னத்துல தட்டி, 'ரெண்டு வச்சிரு ஆத்தா'ன்னேன். வச்சிருச்சுங்க. பாக்க வந்த சார்ஜெண்டு போனதும் எடுத்து எங்கையில குடுத்துச்சு. எம்புள்ளைங்க மூணும் இன்னைக்கு உசுரோட இருக்குதுன்னா அது இவ எச்சிலுங்க."

"அப்புறம்?"

"பஞ்சம் தீந்ததும் நிறுத்திட்டேன். 'இனிமே நீயே தின்னு ஆத்தா'ன்னேன். ரெண்டு வருசமா ஒண்ணு கூட வைக்கல. வடிவுக்கு மாவை நிப்பாட்டினாங்க பாருங்க, மூணாம் நாள் இவளாத் தொடங்கிட்டா. அல்லா மேல ஆணை, நான் சொல்லலீங்க. யாருமே சொல்லல."

"இதைக் காப்டன்கிட்டச் சொன்னா அடி கெடையாதே!"

"சொன்னா வடிவைத் தனியா அந்தக் கோடியில கட்டிருவாங்க. வெறும் புல்லுல பத்து நாள் தாங்காதுங்க. அப்புறம் துப்பாக்கிதான். எம்முதுகு ஆறிடும். அது செத்தா வருமா?"

நான் எழுந்திருக்கப் போனேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. இது பதினஞ்சு இருவது நாளா நடக்குது. பக்கத்துல நின்ன ஆளு கண்ணுல ஒரு நாளாவது பட்டிருக்கணுமே?"

எனக்கு வேறு வேலை இருந்தது. வந்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

தலைவலி.

மார்ச் 20, வெள்ளி

உண்மையைச் சொன்னால் வடிவு சாகும். சொல்லாவிட்டால் ராவுத்தர் முதுகு கிழியும். இரண்டே வழிதான் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் என் கையில் இல்லை என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதை எழுதப் பிடிக்கவில்லை. பத்து வருஷ உத்தியோகம். ஊருக்குப் போனதும் நற்சான்றுப் பத்திரம் கிடைக்கும் என்று என் மனைவி ஞானத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவளும் தெருவெல்லாம் சொல்லியிருப்பாள்.

செங்கமலம் இன்றும் மூன்றுதான் தின்றது. என் ரொட்டி இன்று கொஞ்சம் தேவலை.

மார்ச் 21, சனி

காலை எட்டு மணிக்கு முரசு அடித்தார்கள். நான் கூடாரத்துக்குள் இருந்தேன். கசையின் சத்தம் கேட்டது. எண்ணும் குரலும் கேட்டது. ராவுத்தர் குரல் கேட்கவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. யானைகள் கட்டிய பக்கத்திலிருந்து சங்கிலி இழுபடும் சத்தம். நான்கு, ஐந்து. ஆறு என்றபோது என் கால் தானாக எழுந்துவிட்டது.

கம்பளியைக் கூடப் போட்டுக்கொள்ளாமல் ஓடினேன். காப்டன் துரை முன்னால் பதிவேட்டை நீட்டினேன். எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். ஐயா, பிப்ரவரி இருபதாம் தேதியிலிருந்து இவரைக் காவலில் வைக்கும்வரை, ரொட்டி போடும்போது நான் ஒரு நாளும் யானைகளின் பக்கத்தில் நிற்கவில்லை. குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். இதில் இருப்பது எல்லாம் பொய். இந்தப் பொய்யை நம்பித்தான் இவரை அடிக்கிறீர்கள். இவர் திருடியதை நான் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை.

வடிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

காப்டன் துரையின் முகம் சிவந்ததைச் சொல்லி முடியாது. சாட்சி இல்லையென்று ராவுத்தரை அவிழ்த்துவிடச் சொன்னார். என் டிரஸ்ஸர் கோட்டை அங்கேயே கழற்ற வைத்தார். உனக்கு நெருப்புப் பக்கம் உட்காரத்தானே ஆசை, போய் ரொட்டி சுடு என்றார். இன்றிலிருந்து நான் வடிவுக்குக் காவடி. காவடி என்றால் மாவுத்தருக்குக் கீழே, புல் அறுத்து, சாணம் அள்ளி, ரொட்டி சுடும் ஆள்.

மாலையில் ராவுத்தரின் முதுகுக்குத் தேன்மெழுகு வைத்தேன். ஆறு வரி. ஒவ்வொன்றையும் நான் எண்ணியிருக்கிறேன்.

"மன்னிச்சுருங்க ராவுத்தரே. மொதலயே வந்திருக்கணும்."

"ஆறோட வந்தீங்களே," என்றார். பிறகு, "மீதிப் பதினெட்டும் உங்க மேல விழுந்திருச்சு போலிருக்கே," என்று சிரித்தார்.

மார்ச் 31, செவ்வாய்

வடிவு தூக்கியது!

காப்டன் துரை கடிகாரத்தோடு வந்து நின்றார். துப்பாக்கிக்காரன் ஒருவனும் கூட வந்திருந்தான். பீரங்கிச் சக்கரம் இரண்டையும் வடிவின் முதுகில் ஏற்றினார்கள். மண்டியிட்ட இடத்திலிருந்து எழ முயன்றது. முன்கால் வழுக்கியது. என் கையிலிருந்த கயிறு வியர்வையில் நனைந்துவிட்டது. செங்கமலம் பக்கத்தில் வந்து தன் தோளைக் கொடுத்து நின்றது. தள்ளவில்லை, இழுக்கவில்லை, சும்மா சாய்ந்துகொள்ள இடம் கொடுத்தது. வடிவு எழுந்தது. நூறு அடி நடந்தது. இருநூறு அடி நடந்தது.

இனி மாவு உண்டு என்று காப்டன் துரை சொல்லிவிட்டுப் போனார். மாலையில் இரண்டு பேருக்கும் எட்டு எட்டு ரொட்டி. செங்கமலம் முதல் ரொட்டியைக் கடைவாயில் ஒதுக்கியது. வடிவின் பக்கம் திரும்பிப் பார்த்தது. வடிவு மென்றுகொண்டிருந்தது. செங்கமலம் ஒதுக்கியதை எடுத்து நன்றாக மென்று விழுங்கியது. எட்டும் தின்றது. ராவுத்தர் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார், புகை கண்ணில் பட்டதாம்.

ஏப்ரல் 11, பெரிய சனி

இரண்டு நாளாகப் பள்ளத்தாக்கு. கீழே ஆறு, எதிரே செங்குத்தாக மேலே கோட்டை மலை. நேற்றுப் பெரிய வெள்ளியன்று முன்படை ராஜாவின் சேனையோடு மோதியது. எங்களுக்குச் சத்தம் மட்டும் வந்தது.

இறக்கத்தில் வடிவு முன்னால் சக்கரங்களோடு, செங்கமலம் பின்னால் குழாயோடு. சறுக்கும் இடத்தில் யானைகள் பின்காலை மடக்கி உட்கார்ந்தபடியே இறங்கின. பீரங்கிக்காரச் சிப்பாய்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை என்றார் ராவுத்தர்.

மாவு மூட்டைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. கையில் இருப்பது யானைகளுக்கு மட்டும்தான். ஆட்களுக்கு மூன்று நாளாகப் பிடி அரிசிக் கஞ்சி. எனக்குக் காய்ச்சல் வேறு.

ஏப்ரல் 13, திங்கள்

கோட்டை விழுந்தது. சிறைப்பட்டவர்கள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டார்கள். ராஜா இறந்துவிட்டார் என்கிறார்கள்.

நாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. பீரங்கியை இறக்கியதும் யானைகளை ஒரு கல் தூரம் பின்னால் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். முதல் வெடிச் சத்தத்தில் வடிவு நடுங்கியது. செங்கமலம் அதன் முதுகில் தும்பிக்கையைப் போட்டுக்கொண்டு நின்றது.

"எங்க ஊருப் பக்கம் பழைய கோட்டைக் கதவுல ஆள் உயரத்துக்குக் கூர் ஆணியா அடிச்சிருப்பாங்க, பாத்திருக்கீங்களா?" என்று ராவுத்தரைக் கேட்டேன்.

"பாக்காம? யானை முட்டக் கூடாதுன்னுதான். அந்தக் காலத்துல சாராயத்தைக் குடுத்து, நெத்தியில இரும்புத் தகட்டைக் கட்டி, கதவை முட்ட உடுவாங்களாம். அம்பு, ஈட்டி எல்லாம் இதுங்க மேலதான் முதல்ல விழும். ராஜாக்கமாருக்கு யானை இருந்தாத்தான் சேனை. இப்பக் கதவை ஒடைக்கப் பீரங்கி வந்திருச்சு. இதுங்க அதைச் சுமந்தாப் போதும்."

"வருத்தமா இருக்கா?"

"எதுக்குங்க? ஆயிரம் வருசமா மனுசன் சண்டைக்குக் கூப்புட்ட எடத்துக்கெல்லாம் வந்திருக்குது. என்னத்துக்குன்னு கேக்கல. இன்னைக்காவது தூரமா நிக்கட்டுமே."

மாலையில் காப்டன் துரை வந்தார். எனக்குப் பதிலாக வந்த டிரஸ்ஸருக்கு வயிற்றுக்கடுப்பு. பதிவேட்டைத் திரும்ப என்னிடம் நீட்டினார். கோட்டு வரவில்லை. இந்த முறை பார்த்துவிட்டு எழுது என்றார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

காய்ச்சல் குறையவில்லை. இரண்டு நாளாக வாயில் ஒன்றும் வைக்கவில்லை. ரொட்டியை மட்டும் சுட்டேன். யானைத் தீனியில் கை வைப்பதில்லை என்று நானும் ராவுத்தரும் பேசாமலே முடிவு செய்திருந்தோம்.

மாலை வெயிலில் செங்கமலத்தின் காலடியில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிற்க முடியவில்லை. செங்கமலம் ஒவ்வொன்றாக வாங்கித் தின்றது. ஏழு வரைக்கும் எண்ணினேன். எட்டாவது போனதும் மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கன்னம் உப்பியிருந்தது. வடிவோ தன் எட்டையும் முடித்துவிட்டுக் காதை ஆட்டிக்கொண்டிருந்தது.

தும்பிக்கை கீழே இறங்கியது. என் நெற்றியைத் தொட்டது, அங்கேயே சற்று நின்றது. பிறகு வாய்க்குள் போய் வெளியே வந்தது. பதிவேட்டின் மேல் ஈர ரொட்டி ஒன்று விழுந்தது.

நான் ராவுத்தரைப் பார்த்தேன்.

"நான் சொல்லலீங்க," என்றார். "வாங்கிக்க தம்பி. எம்புள்ளைங்க தின்ன ரொட்டிதான்."

கழுவவில்லை. அப்படியே தின்றேன்.

பிறகு பதிவேட்டைத் துடைத்துவிட்டு எழுதினேன். நாளைக் காலையில் காப்டன் துரை படிப்பார். படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். எழுதியதை இங்கேயும் எடுத்து வைக்கிறேன்:

'செங்கமலம். கொடுத்த ரொட்டி எட்டு. என் கண்முன் தின்றது ஏழு. மீதி ஒன்றை அது எனக்குக் கொடுத்தது. நான் தின்றேன். இது உண்மை. அருளப்பன்.'